ஆடி மாதக் கடைசியில் எரி நக்ஷத்திர மழை: வீட்டிலிருந்தே பார்த்துக் கணக்கெழுதும் முறை

கிராமவாசிகளில் எரி நக்ஷத்திரத்தைக் காணாதவர் எவருமிலர். இரவில் மடை திருப்பச் செல்பவரும், களத்தில் நெல்லுக்குக் காவல் கிடப்பவரும், முற்றத்தில் பாய் விரித்துப் படுப்பவரும், ஆகாயத்தில் திடீரென ஓர் ஒளிக்கீற்றுத் தோன்றி ஒரு நொடியில் மறைவதைப் பலமுறை கண்டிருப்பர். ஆயினும் கண்டதைக் குறித்து வைத்தவர் மிகச் சிலரே. யாருக்கோ தீங்கு வரப்போகிறது என்று அஞ்சிக் கண்ணை மூடிக்கொள்பவர் இன்றும் உளர்.

ஆண்டுதோறும் ஆடி மாதத்தின் கடைசி வாரத்தில், அதாவது ஆகஸ்ட் மாதம் 12, 13 தேதிகளை ஒட்டிய இரவுகளில், இவ்வெரி நக்ஷத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏராளமாய்த் தோன்றுகின்றன. பூமியின் வடபாகத்துத் தேசங்களில் அது கோடைப் பருவமாதலால், அத்தேசத்தார் இதனைக் கோடைக்கால எரி நக்ஷத்திர மழை என்பர். இதனைக் காண்பதற்குக் காசு செலவில்லை, கருவி வேண்டுவதில்லை, வீட்டு முற்றமே போதும். எழுத்தும் எண்ணும் அறிந்த எவரும், ஒரு பென்சிலும் நோட்டுப் புத்தகமும் கொண்டு, உலகத்துக்குப் பயன்படும் கணக்கு ஒன்றை அவ்விரவில் எழுதிவிடலாம். அதற்கு வேண்டிய முதல் ஒன்றே. அது நல்ல இருட்டு. பட்டணத்தார் பெரும்பாலும் இழந்துவிட்ட அம்முதலைக் கிராமங்களில் பல இன்னும் கைவிடாமல் வைத்திருக்கின்றன.

பழைய அச்சமும் அதன் விடையும்

எரி நக்ஷத்திரத்தைக் கண்டு அஞ்சுவது இன்று நேற்று ஏற்பட்டதன்று. சங்க காலப் புலவராகிய கூடலூர் கிழார், பங்குனி மாதத்து நள்ளிரவொன்றில் ஒரு மீன் எரிந்து விழக் கண்டார். யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்னும் சேர மன்னனுக்குக் கேடு வருமென்று அஞ்சினார். ஏழாம் நாள் அம்மன்னன் இறந்தான். இச்செய்தி புறநானூற்றில் 229-ஆம் பாட்டாக இடம் பெற்றுள்ளது. அப்பாட்டில் அவர் மாதத்தையும், இரவின் பொழுதையும், எந்தெந்த நக்ஷத்திரம் ஆகாயத்தில் எவ்விடத்தில் நின்றது என்பதையும் பிசகாமல் குறித்திருக்கிறார். ஆகாயத்தை இவ்வளவு கூர்ந்து பார்த்து எழுதி வைத்த முன்னோரைத் தமிழர் பாராட்டத்தான் வேண்டும்.

ஆயினும், குறிப்புச் சரியாயிருத்தல் வேறு. அதிலிருந்து செய்த முடிவு சரியாயிருத்தல் வேறு. மேகமும் நிலவுமற்ற இருண்ட இரவில், விசேஷமான நாளல்லாத எந்நாளிலும், ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஐந்து முதல் பத்து எரி நக்ஷத்திரங்கள் வரை காணலாம். அவர் கண்ணுக்கு எட்டும் ஆகாயமோ பூமியைச் சூழ்ந்த ஆகாயத்தில் மிகச் சிறு பங்கு. அவ்வாறாயின் உலகெங்கும் ஓரிரவில் விழுபவை எண்ணிலடங்கா. ஒவ்வொன்றும் ஒரு மரணத்தை அறிவிப்பதாயின், பூமியில் மன்னரும் மக்களும் என்றோ தீர்ந்திருப்பர். ஒன்றே ஒன்றைக் கண்டவனுக்கு அச்சம் பிறக்கிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து எண்ணியவனுக்கு அது நீங்கிவிடுகிறது.

எரி நக்ஷத்திரம் என்பது யாது?

பெயரில் நக்ஷத்திரம் என்றிருப்பினும் இது நக்ஷத்திரமன்று. நக்ஷத்திரங்கள் சூரியனைப் போன்ற பெரிய அக்கினிக் கோளங்கள். அளவிட அரிய தூரத்தில் இருப்பவை. அவற்றில் ஒன்றும் விழுவதில்லை. ஓர் எரி நக்ஷத்திரம் மறைந்த பின் கார்த்திகையையும் ரோகிணியையும் ஏழு முனிவர் கூட்டத்தையும் எண்ணிப் பார்ப்பவர், அவற்றுள் ஒன்றும் குறையவில்லை என்பதைத் தாமே அறியலாம்.

எரிவது மணல் பருக்கை அல்லது பட்டாணி அளவுள்ள துகளேயாகும். அத்தகைய துகள்கள் சூரியனைச் சுற்றி வெளியில் திரிந்து கொண்டிருக்கின்றன. பூமியின் வழியில் குறுக்கிடும்போது அவை காற்று மண்டலத்தினுள் மிகுந்த வேகத்தோடு புகுகின்றன. ஆடி மாதத்து எரி நக்ஷத்திரங்களின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 37 மைல், அதாவது 59 கிலோமீட்டர். அவ்வேகத்தில் சென்றால் சென்னையிலிருந்து மதுரைக்குப் பத்து வினாடிக்குள் போய்ச் சேரலாம். இவ்வேகத்தில் வரும் துகளின் முன்னே உள்ள காற்று நெருக்குண்டு கடுஞ் சூடேறுகிறது. சைக்கிள் சக்கரத்துக்குக் காற்றடிக்கையில் பம்பின் அடிப்பாகம் சுடுவதை அறிந்தவர் இதனை எளிதில் உணர்வர். அச்சூட்டில் துகள் உருகி ஆவியாகிறது. துகளின் ஆவியும் சுற்றியுள்ள காற்றும் ஒளி விடுகின்றன. கண்ணுக்குத் தெரியும் கீற்று அவ்வொளியே.

இது நிகழ்வது தரைக்கு மேல் ஏறக்குறைய 70 மைல் முதல் 50 மைல் வரையுள்ள உயரத்தில். மழை மேகமெல்லாம் அதற்கு வெகு கீழே கிடப்பது. பக்கத்து ஊர்ப் பனந்தோப்பில் விழுந்தது போலத் தோன்றியது உண்மையில் பல ஜில்லாக்களுக்கு அப்பால் உயரத்தில் எரிந்ததாகவும் இருக்கலாம். இம்மழையின் துகள்கள் எல்லாம் உயரத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. இதிலிருந்து ஒரு கல்லேனும் தரையை எட்டியதாகப் பதிவு இல்லை. ஆதலின் கூரை வீட்டுக்கோ, வைக்கோற் போருக்கோ, பயிருக்கோ, கால்நடைக்கோ இதனால் அபாயம் சிறிதுமில்லை. எப்போதாவது பூமியில் விழும் விண்கற்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. அவை இத்தகைய தூசி மழையோடு வருபவையல்ல.

ஆண்டுதோறும் அதே நாளில் வருவதன் காரணம்

ஒரு வண்டி நிறைய மணலேற்றிக்கொண்டு போனால் வழியெல்லாம் சிறிது சிறிதாக மணல் சிந்திக்கொண்டே போகும். வால் நக்ஷத்திரங்களின் செய்கையும் அத்தகையதே. பனிக்கட்டியும் தூசியும் கலந்த அவை சூரியனை அணுகும்போது பனி ஆவியாக, அதில் அடங்கிய தூசி வெளிப்பட்டு வழி நெடுகப் பரவுகிறது. ஆடி மாதத்து எரி நக்ஷத்திரங்களுக்குக் காரணமான வால் நக்ஷத்திரத்தை 1862-ஆம் ஆண்டு அமெரிக்காவில் லூயி சுவிப்ட், ஹொரேஸ் டட்டில் என்னும் இருவர் தனித்தனியே கண்டுபிடித்தனர். அவ்விருவர் பெயராலேயே அது சுவிப்ட்-டட்டில் எனப்படும். அதன் நடுக்கட்டி ஏறக்குறைய 26 கிலோமீட்டர் குறுக்களவுள்ளது. சூரியனை ஒரு முறை சுற்றிவர அதற்குச் சுமார் 133 ஆண்டுகள் செல்லும். 1992-ஆம் ஆண்டில் அது திரும்பி வந்தது. மறுபடி வருவது 2126-ஆம் ஆண்டில்.

வால் நக்ஷத்திரம் வருவது அவ்வாறு தலைமுறைகளுக்கு ஒருமுறையாயினும், அது சிந்திய தூசி அதன் பாதை முழுவதும் பரவிக் கிடக்கிறது. பூமி தன் பாதையில் ஆண்டுக்கொருமுறை அத்தூசிப் பாதையைக் குறுக்கே கடக்கிறது. ஆடி பிறப்பு முதல் ஆவணி முதல் வாரம் வரை பூமி அதனுள் இருக்கிறது. தூசி அடர்ந்த நடுப்பாகத்தை ஆடி 27, 28 தேதிகளை ஒட்டிக் கடக்கிறது.

தமிழ் மாதங்கள், சூரியன் நக்ஷத்திரங்களிடையே எந்த ராசியில் நிற்கிறது என்பதைக் கொண்டு கணிக்கப்படுபவை. பூமி தன் பாதையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அக்கணிதமும் ஒருவாறு காட்டுவதால், இம்மழையைத் தமிழ்த் தேதியால் நினைவில் வைத்தல் எளிதும் பொருத்தமும் ஆகும். ஆங்கிலத் தேதி பல நூற்றாண்டுகளில் நகர்ந்துவிடுகிறது, கி.பி. 36-ஆம் ஆண்டில் சீன தேசத்தார் இம்மழையைக் கண்டு எழுதியபோது அது ஜூலை மாதத்தின் நடுவில் நிகழ்ந்தது.

எண்ணியவர்களால் விளைந்த அறிவு

எரி நக்ஷத்திரங்களைப் பற்றிய உண்மைகளிற் பல, விலையுயர்ந்த கருவிகளால் அறியப்பட்டவையல்ல. பலர் கூடிப் பார்த்து, கண்டதை எழுதி, கணக்கை ஒப்பிட்டதால் அறியப்பட்டவை. கூட்டுறவு முறையில் நம்பிக்கையுள்ளவர்கள் இவ்வரலாற்றைத் தெரிந்துகொள்ளுதல் நன்று.

1798-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கெட்டிங்கன் நகரத்துச் சர்வகலாசாலையில் படித்த பிராண்டஸ், பென்ஸன்பெர்க் என்னும் இரு மாணவர்கள், எரி நக்ஷத்திரங்கள் எவ்வளவு உயரத்தில் எரிகின்றன என்பதை அறிய விரும்பினர். ஒருவர் ஓரிடத்திலும் மற்றவர் சில மைல் தள்ளி வேறிடத்திலும் இருந்து, ஒரே இரவில் ஒரே எரி நக்ஷத்திரம் எந்த நக்ஷத்திரங்களின் அருகே சென்றதாகத் தத்தமக்குத் தோன்றிற்று என்று குறித்தனர். இருவர் குறிப்பையும் ஒப்பிட, ஆற்றின் அகலத்தைக் கரையில் நின்றே அளக்கும் நில அளவுக்காரரின் முறையால் உயரம் தெரிந்தது. அதுவரை எரி நக்ஷத்திரம் கீழ்க்காற்றில் தோன்றும் மின்னல் போன்றதென்று பலர் எண்ணியிருந்தனர். ஒருவர் தனித்து எத்தனை இரவு விழித்திருப்பினும் கண்டறிய இயலாததை, இருவர் சில மைல் விலகி நின்று கண்டறிந்தனர்.

1833-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்காவில் வேறொரு எரி நக்ஷத்திர மழை மிகப் பிரமாண்டமாய்ப் பெய்தது. உலக முடிவு வந்துவிட்டதென்று பலர் கதறினர். ஆல்ம்ஸ்டெட் என்னும் ஆசிரியர், கண்டவர்கள் கண்டதை எழுதியனுப்புமாறு பத்திரிகை மூலம் கேட்டார். வந்த கடிதங்களை ஒப்பிட்டதில், எல்லாக் கீற்றுகளும் சிம்ம ராசியில் ஓரிடத்திலிருந்து கிளம்பியது போலவே எல்லார்க்கும் தோன்றியது என்பது புலனாயிற்று. அவை பூமியின் காற்றில் தோன்றியவை அல்ல, வெளியிலிருந்து வந்தவை என்பதற்கு அது சான்றாயிற்று.

அதன் பின் சில ஆண்டுகளில், ஆகஸ்ட் மாதத்து மழை ஆண்டுதோறும் தவறாமல் வருகிறதென்பதைப் பெல்ஜியம் தேசத்தில் புள்ளி விவரக் கலையில் வல்லவரான கெத்லே என்பவரும், அமெரிக்காவில் புத்தகக் கடை நடத்திவந்த ஹெரிக் என்பவரும் தனித்தனியே எடுத்துக் காட்டினர். ஐரோப்பாவிலோ அம்மழையை ஜனங்கள் முன்பே அறிந்திருந்தனர்; ஆகஸ்ட் 10-ஆம் தேதி லாரன்ஸ் என்னும் கிறிஸ்தவ அடியாரின் திருநாளாதலால், அவருடைய கண்ணீர் என்று அதனைச் சொல்லிவந்தனர். 1866-ஆம் ஆண்டில் இத்தாலிய வான சாஸ்திரியான ஷியாபரெல்லி, எரி நக்ஷத்திரத் துகள்களின் பாதையும் சுவிப்ட்-டட்டில் வால் நக்ஷத்திரத்தின் பாதையும் ஒன்றே எனக் கணக்கிட்டு நிரூபித்தார்.

இக்கணக்கு வெறும் வேடிக்கைக்கானதன்று. 1993-ஆம் ஆண்டில், வால் நக்ஷத்திரம் வந்து சென்ற மறு வருஷம், மழை மிகுதியாயிருக்கக்கூடுமென்று கருதி அமெரிக்கர் தம் விண்கப்பலொன்றின் புறப்பாட்டை ஒத்திவைத்தனர். அதே மழையின்போது ஐரோப்பியரின் ஒலிம்பஸ் என்னும் செயற்கைக் கோள் நிலைதடுமாறிப் பயனற்றுப் போயிற்று. துகளொன்று தாக்கியதே காரணமாகலாமென்று கருதப்பட்டது. மணல் பருக்கையாயினும் வினாடிக்கு 37 மைல் வேகத்தில் வருவது சாமானியமான அடியன்று. எந்த ஆண்டில் துகள் எவ்வளவு அடர்ந்திருக்கும் என்பதைச் சொல்ல முற்பட்ட ஆண்டுகளின் எண்ணிக்கை வேண்டும். அவ்வெண்ணிக்கையின் பெரும்பகுதி, சம்பளம் பெறாமல் விருப்பத்தால் பார்த்தவர்கள் எழுதியதே. 1988-ல் ஏற்பட்ட சர்வதேச எரி நக்ஷத்திரச் சங்கம், பல தேசத்தாரின் கணக்குகளை ஒன்று சேர்த்து வெளியிட்டு வருகிறது.

பார்க்கும் பொழுதும் திசையும்

ஒரே திசையில் இணையாக வரும் துகள்கள், பார்ப்பவர் கண்ணுக்கு ஓரிடத்திலிருந்து விரிந்து வருவதாகத் தோன்றும். ரயில் தண்டவாளங்கள் தூரத்தில் ஒன்று கூடுவதாகத் தோன்றுவதைப் போன்றது இது. ஆடி மாதத்து மழைக்கு அவ்விடம் பெர்சியஸ் என்று மேனாட்டார் அழைக்கும் நக்ஷத்திரக் கூட்டத்தில் உள்ளது. அதைக் கண்டுகொள்ள எளிய வழி உண்டு. அந்நாட்களில் நள்ளிரவுக்குச் சற்றுப் பின் கார்த்திகைக் கூட்டம் கிழக்கே எழும். கிழக்கு நோக்கி நிற்பவர் அதற்கு இடப்பக்கம், வடகிழக்கில், பெர்சியஸ் கூட்டத்தைக் காணலாம். அதற்கும் வடக்கே ஐந்து நக்ஷத்திரங்கள் கோணல்மாணலாக வளைந்து நிற்கும். அவ்வைந்துக்கும் கார்த்திகைக்கும் இடைப்பட்ட பாகத்திலிருந்து கீற்றுகள் புறப்படுவதாகத் தோன்றும்.

தமிழ்நாட்டில் அவ்விடம் இரவு 11 மணிக்குச் சற்று முன்னரே அடிவானத்துக்கு மேல் வருகிறது. ஆயினும் முன்னிரவில் காணத்தக்கவை சில. இரவு 2 மணி முதல் விடியற்காலை நாலரை மணி வரையுள்ள பொழுதே சிறந்தது. இதற்குக் காரணம் இரண்டு. அவ்விடம் உயர உயர, கீற்றுகள் அதிகம் கண்ணில் படும். மேலும், பூமி தன் பாதையில் எத்திசை நோக்கி ஓடுகிறதோ அத்திசையை விடியற்காலையில்தான் ஓர் ஊர் எதிர்நோக்கி நிற்கிறது. மழையில் விரைந்து செல்லும் வண்டியின் முன்பக்கம் அதிகம் நனைவது போல, பூமியின் முன்பக்கம் அதிகத் துகள்களை ஏற்கிறது.

நல்ல இருட்டுள்ள கிராமத்தில், மேகமும் நிலவும் இல்லாத உச்ச இரவில், மூன்று நான்கு மணி அளவில் ஒருவர் மணிக்கு முப்பது முதல் ஐம்பது வரை காணலாம். மின்சார விளக்குகள் நிறைந்த பட்டணத்திலோ ஐந்து பத்துக்கு மேல் காண்பது அரிது. பத்திரிகைகளில் மணிக்கு நூறு என்று எழுதுவது, அவ்விடம் நேர் உச்சியில் நின்று ஆகாயமும் குற்றமற்றிருந்தால் என்ற கணக்கு. தமிழ்நாட்டில் அது உச்சிக்கு வருவதில்லை. ஆகவே மழை என்ற பெயரைக் கேட்டு மத்தாப்புப் போல இடைவிடாமல் சொரியுமென்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று என்று நினைத்துப் பொறுமையோடு இருப்பவர் மகிழ்வர்.

வீட்டில் செய்யவேண்டிய ஏற்பாடுகள்

தூரதிருஷ்டிக் கண்ணாடி இதற்கு வேண்டாம். அது ஆகாயத்தின் சிறு துண்டையே காட்டுமாதலால் இடையூறேயாகும். இரண்டு கண்களும் ஒரு கயிற்றுக் கட்டிலும் போதும். மொட்டை மாடி, பின்கட்டு முற்றம், நெற்களம் ஆகியவற்றுள் மரமும் சுவரும் மறைக்காத இடத்தைத் தேர்ந்துகொள்ளவேண்டும். தெரு விளக்கு இருப்பின், வீட்டுச் சுவர் அதை மறைக்கும் பக்கமாகக் கட்டிலைப் போடவேண்டும். கழுத்து வலிக்க நின்று பார்ப்பதைவிட மல்லாந்து படுத்துப் பார்ப்பதே உத்தமம். பெர்சியஸ் கூட்டத்தையே உற்று நோக்கவேண்டியதில்லை. அதற்கும் உச்சிக்கும் இடைப்பட்ட வானத்தைப் பொதுவாகப் பார்த்துக்கொண்டிருந்தால் நீண்ட கீற்றுகள் தெரியும்.

இருட்டுக்குக் கண் பழக ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். இடையில் ஒரு நொடி விளக்கையோ கைப்பேசியின் திரையையோ பார்த்தாலும் அப்பழக்கம் கெட்டுவிடும். எழுத வெளிச்சம் வேண்டுமாயின் டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புத் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொள்ளலாம். சிவப்பு ஒளி கண்ணின் பழக்கத்தை அதிகம் கெடுப்பதில்லை.

ஆடி மாதத்து இரவில் பூச்சி பொட்டுகள் நடமாட்டம் உண்டு. ஆகவே வரப்பிலும் வெறுந்தரையிலும் படுத்தல் ஆகாது. இருட்டில் நடக்குமிடத்தைப் பகலிலேயே பார்த்து வைக்கவேண்டும். கைப்பிடிச் சுவரில்லாத கிணறும் மாடியும் உள்ள இடத்தில் சிறுவர்களைத் தனியே விடுதல் கூடாது. இடத்தைவிட்டு எழுந்து நடக்கையில் கண் பழக்கம் கெட்டாலும் டார்ச்சைக் கொளுத்தியே நடக்கவேண்டும். கொசுவுக்குப் போர்வையும், பின்னிரவுப் பனிக்குத் தலைத்துண்டும் கொள்ளலாம். மறுநாள் விதைப்போ உழவோ உள்ளவர் முன்னிரவில் உறங்கி, இரண்டு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் பார்த்தாலும் போதுமானது.

நிலவும் மேகமும்

நிலவொளி மங்கலான கீற்றுகளை மறைத்துவிடும். எந்த ஆண்டு நல்ல ஆண்டு என்பதைப் பஞ்சாங்கமே சொல்லும். அமாவாசை முதல் வளர்பிறை அஷ்டமி வரையுள்ள நாட்களில் நள்ளிரவை ஒட்டி நிலவு மறைந்துவிடுவதால் பின்னிரவு இருண்டிருக்கும். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மிகப் பிரகாசமானவையே தெரியும். தேய்பிறையில் நிலவு நள்ளிரவில் எழுவதாயின், அது மரத்தாலோ சுவராலோ மறையுமாறு கட்டிலைத் திருப்பிக்கொள்ளலாம். சில ஆண்டுகளில் ஆடி அமாவாசையும் இம்மழையின் உச்சமும் ஒரே இரவில் கூடும். 2026-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12 அத்தகைய நாள்.

மேகமோ மனிதன் வசத்திலில்லை. அது தென்மேற்குப் பருவக் காற்றின் காலம். மேற்கு மலைத் தொடரை ஒட்டிய ஊர்களில் ஆகாயம் மூடியே இருக்கலாம். கிழக்குச் சமவெளிகளில் மாலையில் இடிமழை பெய்து பின்னிரவில் தெளிவதும் உண்டு. உச்ச இரவு தவறினாலும், முன்னும் பின்னும் இரண்டு மூன்று இரவுகளில் கணிசமான அளவு தோன்றும். அவையும் தவறின், கார்த்திகை மாதக் கடைசியில், டிசம்பர் 13, 14 தேதிகளில், மிதுன ராசியிலிருந்து கிளம்புவதாகத் தோன்றும் மற்றொரு மழை உண்டு. அது ஆடி மழையினும் மிகுதியானது; முன்னிரவிலேயே தொடங்கி நள்ளிரவுக்குப் பின் உச்சிக்கு வருவது.

கணக்கெழுதும் முறை

சங்கத்தின் ரொக்கப் புத்தகத்தில் எத்தகைய நேர்மை வேண்டுமோ அத்தகைய நேர்மையே இக்கணக்குக்கும் வேண்டும். நோட்டின் தலைப்பில் ஊர், தேதி, பார்த்தவர் பெயர் ஆகியவற்றை எழுதவேண்டும். கீழே, தொடங்கிய மணி, முடித்த மணி, இம்மழையைச் சேர்ந்தவை, சேராதவை, மேகம் மறைத்த பங்கு, ஆகாயத்தின் தெளிவு என்று பத்திகள் பிரித்துக்கொள்ளலாம். கால் மணிக்கு ஒருமுறை கோடிட்டு எழுதினால், எப்பொழுது அதிகம், எப்பொழுது குறைவு என்பது தெரியும்.

கீற்றின் வழியைப் பின்னோக்கி நீட்டிப் பார்க்கையில் அது பெர்சியஸ் கூட்டத்தைச் சென்றடையுமாயின் இம்மழையைச் சேர்ந்தது, அன்றேல் சேராதது. ஆகாயத்தின் தெளிவை அறியக் கார்த்திகைக் கூட்டமே கருவியாகும். சாதாரணக் கண்ணுக்கு அதில் ஆறு மீன்கள் தெரிந்தால் ஆகாயம் நன்று. மூன்று நான்கே தெரிந்தால் மங்கல் என்று எழுதவேண்டும்.

இங்கே ஒரு விதி முக்கியமானது. பலர் கூடிப் பார்க்கலாம். ஆனால் எண்ணிக்கையைக் கூட்டலாகாது. நால்வர் பார்த்த ஒரே கீற்றை நான்கென்று எழுதினால் அது பொய்க்கணக்கு. ஒவ்வொருவரும் தாம் கண்டதை மட்டும் தனியே எண்ணவேண்டும். பக்கத்திலிருப்பவர் "அதோ!" என்று சொல்லத் திரும்புமுன் மறைந்ததைத் தம் கணக்கில் சேர்த்தல் தவறு. ஒன்றும் காணாத கால் மணிக்கு ஒரு சுன்னம் எழுதவேண்டும்; சுன்னமும் கணக்கே. குறைவாக இருக்கிறதே என்று வெட்கி ஒன்றிரண்டு ஏற்றி எழுதுபவர், அண்டை ஊரார் உண்மையாய் எழுதிய கணக்கையும் கெடுத்தவராவர். ஏனெனில் பல ஊர்க் கணக்கையும் ஒப்பிட்டே சராசரி காணப்படுகிறது.

பத்து ஊர்ச் சங்கங்களில் ஊருக்கு இருவர் இவ்வாறு ஆண்டுதோறும் எழுதி வைத்தால், சில ஆண்டுகளில் அந்நோட்டுகள் மழையின் ஏற்றத்தாழ்வை மட்டுமன்றி, ஒவ்வோர் ஊர் ஆகாயமும் ஆண்டுக்காண்டு தெளிகிறதா மங்குகிறதா என்பதையும் காட்டும். பள்ளிப் பிள்ளைகளைக் கணக்கப்பிள்ளைகளாக வைத்துக்கொண்டால் அவர்களுக்கு அது பாடமுமாகும்.

இருட்டும் ஒரு பொதுச் சொத்து

ஏரி, மேய்ச்சல் நிலம், களம், தோப்பு ஆகியவை ஊர்ப் பொதுச் சொத்துக்கள் என்பதை யாவரும் அறிவர். இரவின் இருட்டை அவற்றோடு சேர்த்து எண்ணுபவர் சிலரே. திருப்பத்தூருக்கு அண்மையில் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் வான ஆராய்ச்சி நிலையம் 1960-களில் அமைந்தது. 1986-ஆம் ஆண்டு முதல் அங்கே 2.3 மீட்டர் அகலக் கண்ணாடியுள்ள பெரிய தூரதிருஷ்டி நிறுவப்பட்டுள்ளது. பட்டணத்து வெளிச்சத்துக்கு விலகிய இருட்டு அவ்விடத்தின் சிறப்புகளில் ஒன்று. லடாக் பிரதேசத்து ஹான்லே என்னும் ஊரைச் சூழ்ந்த பகுதி 2022-ஆம் ஆண்டில் இருட்டைக் காக்கும் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே இருட்டுக்கும் மதிப்புண்டு என்பது அரசாங்கத்தாரும் ஒப்பிய விஷயமேயாகும்.

இதனால் தெருவிளக்கு வேண்டாமென்பது கருத்தன்று. பெண்டிரும் பிள்ளைகளும் இரவில் அச்சமின்றி நடக்கவும், விஷ ஜந்துக்களைக் கண்டு விலகவும் விளக்கு இன்றியமையாதது. ஆனால் வெளிச்சம் வேண்டியது தெருவில், ஆகாயத்திலன்று. மூடியில்லாத விளக்கின் ஒளியில் ஒரு பங்கு பக்கவாட்டிலும் மேலும் வீணே செல்கிறது. கரை உடைந்த வாய்க்காலில் நீர் பாய்ச்சுவதற்கும் இதற்கும் வேற்றுமையில்லை. பயிரை எட்டாத நீருக்கும் தீர்வை கட்டுவது போல, தரையை எட்டாத ஒளிக்கும் மின்சாரக் கட்டணம் கட்டப்படுகிறது. விளக்கின் மேல் ஒரு தகர மூடி பொருத்தி ஒளியைக் கீழே திருப்பினால், தெருவும் நன்கு தெரியும், குறைந்த சக்தியுள்ள விளக்கே போதுமாதலால் செலவும் குறையும், ஆகாயமும் இருண்டிருக்கும். புது விளக்குகள் போடுகையில் இதனைப் பஞ்சாயத்தாரிடம் எடுத்துச் சொல்வது சங்கத்தாருக்குத் தக்க பணியாகும். கிணற்றடியிலும் களஞ்சியத்திலும் விடியவிடிய எரியும் விளக்குகளை வேலை முடிந்ததும் அணைப்பது ஒவ்வொரு வீட்டாராலும் செய்யக்கூடியது.

ஏரி தூர்ந்தபின் மறுபடி வெட்டுதல் எவ்வளவு கடினமோ, இழந்த இருட்டை மீட்பதும் அவ்வளவு கடினம். கெடாமல் காப்பதோ எளிது. ஆடி மாதக் கடைசியில் ஓரிரவு கட்டிலைப் போட்டுப் படுத்து, ஆயிரமாண்டுகளாய்ச் சிந்திக் கிடக்கும் தூசி எரிவதை எண்ணிப் பார்த்தவர், அவ்விருட்டின் அருமையைப் பிறர் சொல்லாமலே அறிவர். அவ்வாறு எண்ணும் வீட்டில் வளரும் குழந்தைக்கு, எரி நக்ஷத்திரத்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றாது. நோட்டைத் தேடவே தோன்றும்.